எஞ்சின் இல்லாமல் இறங்குதல்

ஹைதராபாத்தின் பேகம்பேட்டை நிலையத்தில் 2008 மார்ச் வரை பயணி விமானங்கள் வந்திறங்கின. அவை தாழ்ந்து வருகையில் இறக்கையின் பின்விளிம்பிலிருந்து அகன்ற பலகைகள் கீழ்நோக்கி நீள்வதைச் செகந்திராபாத்தில் குடியேறிய நம்மவர் பலர் மொட்டை மாடியில் நின்றே கண்டிருப்பர். ஃபிளாப் என்பவை அவையே. இறக்கையின் வளைவை அவை மிகுவிப்பதால், குறைந்த வேகத்திலும் விமானத்தைக் காற்று தாங்குகிறது.

அந்த விமானி ஓடுபாதையைத் தவறவிட்டால், எஞ்சினை முடுக்கி மீண்டும் ஒரு சுற்று வரலாம். எஞ்சினற்ற கிளைடருக்கோ ஒரே முயற்சிதான். நம் நாட்டுச் சிவில் விமானத் துறையில் எஸ். ராமாமிருதம் வடிவமைத்த ரோகிணி என்னும் கிளைடர் 1961-இல் முதன்முதல் பறந்தது. அதில் இருவர் அருகருகே அமர்வர். (அசுவினி, பரணி என்றும் அத்துறையின் கிளைடர்கள் உண்டு, பெயர் சூட்டியவர் பஞ்சாங்கம் அறிந்தவர் போலும்!)

கிளைடர் இறங்குவதில் உள்ள தொல்லை விந்தையானது. அது எளிதில் இறங்க மறுக்கிறது. நன்கமைந்த கிளைடர் ஒரு மீட்டர் தாழ்வதற்குள் முப்பது மீட்டர் முன்செல்லும். மைதான எல்லையில் 20 மீட்டர் உயரம் மிஞ்சியிருந்தால், 600 மீட்டர் கடந்த பின்பே தரை. மூக்கைத் தாழ்த்தினால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். வேகம் கூடும், கூடிய வேகம் தீரும்வரை கிளைடர் தரைக்குச் சற்று மேலே மிதந்துகொண்டே போகும்.

இதற்காகவே ஏர்பிரேக் அமைந்தது. இடக்கையால் நெம்புகோலை இழுத்தால் இறக்கையின் மேற்புறத்தில் தகடுகள் எழுந்து நிற்கும். காற்றோட்டம் குலையும், தாங்கும் விசை குறையும், இழுவை மிகும். சைக்கிள் பிரேக்கைப் போல வேகத்தைக் குறைப்பது இதன் தலையாய வேலையன்று. வேகத்தை மாற்றாமலே இறங்கு பாதையைச் சரிவாக்குவதே இதன் பணி. வேகம் வலக்கையிலுள்ள கட்டுப்பாட்டுத் தண்டின் பொறுப்பு.

ஆகவே விமானி பிரேக்கைப் பாதியளவு திறந்தே நெருங்குகிறார். உயரம் மிகுந்தால் மேலும் திறக்கலாம், குறைந்தால் மூடலாம். மைதானம் எட்டாது என்ற அச்சத்தில் மூக்கை உயர்த்துவதே பெரும் பிழை. வேகம் குன்றி, இறக்கை தாங்கும் ஆற்றலை இழந்து, கிளைடர் விழும். தாழ்வில் ஃபிளாப்பைச் சட்டென்று மடக்குவதும் அத்தகையதே. எதிர்காற்று தரையருகே தளர்வதால், காற்று வீசும் நாளில் சற்றுக் கூடுதல் வேகத்துடன் வருவர்.

சக்கரம் தரையைத் தொட்டபின் பிரேக்கை முழுவதும் திறப்பர். இன்றேல் கிளைடர் மீண்டும் எழும்பக்கூடும்.