களர் நிலத்தில் ஒரு காய்கறிப் பாத்தி

கல்லாதவர்க்கு உவமையாக வள்ளுவர் பெருமான் தேர்ந்துகொண்டது பயன் தராத களர் நிலம். அவரே, உழவு அதிகாரத்தில், உழுவதினும் எருவிடுதல் நன்று என்று வழியும் காட்டுகின்றார். இவ்விரண்டையும் இணைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். கல்லாதவர் கற்பிக்கப்பட்டால் மாறுவது போன்றே, களரும் பேணப்பட்டால் பயன் தரும். வீட்டுக் கொல்லையில் அதற்குரிய எளிய தொடக்கம் மேட்டுப்பாத்தி ஆகும்.

களரின் இயல்பு

திருச்சிராப்பள்ளியை அடுத்த மணிகண்டம் வட்டாரத்தில் களர் நிலங்கள் மிகுதி. களரைத் தாங்கி விளையும் நெல்லினங்களை அப்பகுதி வேளாண் கல்லூரி உருவாக்கியுள்ளது. ஆயின் காய்கறிச் செடிகளுக்கு அத்தகைய வலிமை குறைவு.

களர் மண்ணில் சோடியம் மிகுந்திருக்கும். கார அமில நிலை 8.5க்கு மேல் இருக்கும். மிகுந்த சோடியத்தால் களித்துகள்கள் ஒன்றையொன்று பற்றி நில்லாமல் சிதறி, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. ஆதலின் நீர் இறங்குவதில்லை, காற்றும் புகுவதில்லை, காய்ந்தால் ஓடு போல் இறுகிவிடுகின்றது. பயிர் பசியால் மட்டுமன்று, மூச்சு முட்டியும் மடிகின்றது.

இதனை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். கண்ணாடிக் குவளையில் மழைநீர் நிரப்பி, நெல்லிக்காய் அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை மெல்ல இடுக, கலக்கற்க. மறுநாள் கட்டியைச் சுற்றிப் பால் போன்ற கலங்கல் படர்ந்திருப்பின் அது களர் என ஐயுறலாம். மண் ஆய்வகத்தில் கொடுத்து உறுதி செய்துகொள்ளுதல் நலம்.

பாத்தி அமைக்கும் முறை

4 அடி அகலம், 10 அடி நீளம் போதும். அகலம் மிகின் நடுவில் கை எட்டாது. பாத்தியில் காலை வைத்து மிதிக்க நேரும். முதலில் அடிநிலத்தை ஒரு மண்வெட்டி ஆழம் கொத்தி, ஆய்வகம் பரிந்துரைக்கும் அளவு ஜிப்சம் தூவி, நீர் கட்டி ஊறவிட்டு வடித்தல் வேண்டும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்க, அது நீரோடு கழிந்துவிடும். நீர் வடியச் சுற்றிலும் சிறு வாய்க்கால் இன்றியமையாதது.

அடுத்து, தேங்காய் மட்டைகளை ஓர் அடுக்காகப் பரப்புக. இவ்வடுக்கு கீழ்நிலத்து உப்புநீர் மேலேறுவதைத் தடுக்கும். அதன்மேல் 1 அடி உயரத்திற்குச் செம்மண் இரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்புக. மேற்கூறிய அளவுள்ள பாத்திக்கு முறையே 20, 10, 10 கன அடி தேவைப்படும். எரு மக்காததாயின் வேர் கருகும். கரைகளுக்கு உடைந்த கல்லோ தென்னந்துண்டோ போதும். மேலே வைக்கோல் மூடாக்கு இடுக.

கீரை, வெண்டை, கத்தரி ஆகியவற்றில் தொடங்கலாம். பீட்ரூட் உப்பை ஓரளவு தாங்கும், பீன்ஸ் தாங்காது.

நாம் கற்ற பாடம்

நம் துறை மாணவர் இம்முறையில் இரு பாத்திகள் அமைத்தனர். மழைக்காலத்தில் கீரை செழித்தது. நாமும் பெருமிதம் கொண்டோம். கோடையிலோ இலைநுனி கருகியது. பாத்தி ஓரங்களில் வெண்ணிறப் பூப்புப் பூத்தது. எரு குறைந்ததெனக் கருதி மேலும் எரு இட்டோம், பயனில்லை. தோட்ட வேலையில் தோய்ந்த பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, “மண்ணை மாத்திட்டீங்க, தம்பிகளா, தண்ணிய மாத்தலையே” என்றார்.

உண்மை அதுவே. நாம் இறைத்தது உப்புக் கரித்த ஆழ்துளைக் கிணற்று நீர். நீர் ஆவியாகின்றது, உப்போ தங்கிவிடுகின்றது. கொணர்ந்த நன்மண்ணை நாமே நாள்தோறும் களராக்கிக்கொண்டிருந்தோம்.

எனவே பாத்திக்கு முன் நீரை எண்ணுதல் வேண்டும். 100 சதுர மீட்டர் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் 1000 லிட்டர் நீர் விழும்; சேதாரம் போக 800 லிட்டரேனும் தேறும். தமிழகத்தில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்நீரில் ஒரு பகுதியைத் தொட்டியில் தேக்கினால் ஒரு சிறு பாத்தியையேனும் காக்கலாம். கிணற்று நீரையே நம்ப வேண்டியிருப்பின் அதனையும் ஆய்வுக்குக் கொடுத்து அறிந்துகொள்க.

பாத்தியைச் சூழ்ந்த வெற்றுநிலத்தில் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால், ஆண்டுதோறும் அந்நிலமும் சிறிது சிறிதாகத் திருந்தும். களரிலும் வளரும் பசுந்தாள் உரப்பயிர் அது.

ஒருமுறை எருவிட்டு மறந்துவிடுவது வேளாண்மை ஆகாது. ஒருநாள் பாடம் சொல்லி ஓய்வது கற்பித்தலும் ஆகாது. பருவந்தோறும் எருவிட்டு, நல்ல நீர் பாய்ச்சிவரின் களரும் கறிக்குக் கீரை தரும். நம் பாத்திகளுக்கு இப்போது தொட்டியிலிருந்து மழைநீரே பாய்கின்றது. கீரை மீண்டும் துளிர்த்துள்ளது.