பாவும் ஊடையுமாய் ஒரு படகு

2019-இல், நாற்பது வருஷம் குளத்துக்குள் இருந்து வெளியே வந்த மரப் பெருமாளான அத்தி வரதரைப் பார்க்க வந்த கூட்டத்தில் சின்ன காஞ்சிபுரமே திணறிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வந்து தங்கியிருந்தார்கள். தரிசனம் முடித்து வந்த அத்தை, சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டே சிங்க்குக்குக் கீழே பார்த்தார். அலமாரியின் ப்ளைவுட் கதவு அடிப்பக்கம் அப்பளம்போல் உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்து நின்றது.

“ஏன்டா, அங்க நாப்பது வருஷம் குளத்துக்குள்ள இருந்த மரம் அப்படியே இருக்கு. உன் வீட்டு மரம் ரெண்டு வருஷம் தாங்கலையே?”

இதே ப்ளைவுட்டில் படகு கட்டிக் கடலுக்குப் போகிறார்கள் என்று சொன்னேன். அத்தை நம்பவில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அவருக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை எங்கள் தெருத் தறிக்காரர் ஒருவரிடம்தான் கற்றேன். உடைந்த ப்ளைவுட் துண்டு ஒன்றை அவரிடம் காட்டினேன். குழித்தறியில் உட்கார்ந்தபடியே வாங்கி, விளிம்பை நகத்தால் வருடிப் பார்த்தார். “இது பாவு, இது ஊடை. நம்ம வேலைதான் தம்பி” என்று திருப்பிக் கொடுத்தார்.

பாவு நெடுக்கே ஓடும் இழை, ஊடை குறுக்கே போகும் இழை. அதுதான் விஷயம். மரம் முழுக்கப் பாவு மட்டுமே உள்ள துணி மாதிரி. நார் ஓடும் திசையில் இழுத்தால் அசையாது. குறுக்கே இழுத்தால் பிளந்துவிடும். விறகு வெட்டியவர்களுக்கு இது தெரியும். ஈரத்திலும் அப்படித்தான். பச்சை மரம் காயும்போது நார் ஓடும் நீளத்தில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான் சுருங்கும். குறுக்கே 10 சதவீதம்வரைகூடச் சுருங்கும். பலகை வளைவதற்கும் வெடிப்பதற்கும் இந்தக் குறுக்குச் சுருக்கம் முக்கியக் காரணம். அடிமரத்தைக் கடைசல் எந்திரத்தில் சுற்றவிட்டு, பாய்ச் சுருளைப் பிரிப்பதுபோல் மெல்லிய ஏடாக உரித்து, ஒன்றின் நாருக்குக் குறுக்காக அடுத்ததன் நார் வரும்படி ஒட்டினால், ஒவ்வொரு ஏடும் பக்கத்து ஏட்டைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இருபக்க இழுவையும் சமமாக இருக்க, ஏடுகளை மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் அடுக்குவார்கள்.

ஆனால் தறிக்காரர் சொன்னதில் ஒரு வித்தியாசம் உண்டு. சேலையில் இழைகள் மேலும் கீழுமாகப் பின்னிக்கொள்கின்றன. ப்ளைவுட்டில் அந்தப் பின்னல் இல்லை. பிடிமானம் முழுவதும் பசைதான். பசை விட்டால் எல்லாம் விட்டது.

ஈரத்தில் பசை விட்டுவிடும் என்பதால்தான் ப்ளைவுட் வெகுகாலம் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. 1930-களில் பீனால் ஃபார்மால்டிஹைடு பசை தொழிற்சாலைகளுக்குள் வந்தது. சூட்டிலும் அழுத்தத்திலும் ஒருமுறை இறுகினால் கொதிநீரிலும் அது கரையாது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டி கரையில் படைவீரர்களை இறக்கிய ஹிக்கின்ஸ் படகுகள் பெரும்பாலும் ப்ளைவுட்டால் ஆனவை. இரண்டாம் உலகப் போரின்போது அப்படிப்பட்ட படகுகள் இருபதாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டன. நம் நாட்டில் மரைன் ப்ளைவுட்டுக்கான தரம் ஐ.எஸ். 710. அதன் சோதனையில் பலகைத் துண்டை 72 மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிடுகிறார்கள். பிறகும் ஏடு பிரியாமல் இருக்க வேண்டும்.

இந்தப் பலகை நம் மீனவர்களிடம் எப்படி வந்தது என்று பார்க்க, இனி கன்னியாகுமரிக்குப் போவோம். (காஞ்சிபுரம் மாவட்டத்துக்கும் கடல் இருந்தது. கோவளமும் மாமல்லபுரமும் சதுரங்கப்பட்டினமும் நம்முடையவையாகத்தான் இருந்தன. அத்தி வரதர் மீண்டும் குளத்துக்குப் போன அதே 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகி, கடலையும் கொண்டுபோய்விட்டது.) தெற்கே மீனவர்கள் லேசான மரங்களைக் கட்டிக் கட்டுமரமாகவும், பெரிய மா, அயினி மரங்களைக் குடைந்து வள்ளமாகவும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காடு குறைந்தது, அப்படிப்பட்ட மரம் அரிதாகி, விலையும் ஏறியது. அதே சமயம் பின்பக்கம் மாட்டும் மோட்டார் வந்தது. மோட்டாரின் உதைப்பைத் தாங்கவும் வேண்டும், அலையைக் கடந்து மணலில் ஏற்றுகிற அளவுக்கு லேசாகவும் இருக்க வேண்டும்.

1980-களின் தொடக்கத்தில் அங்குள்ள முட்டம் என்ற ஊரில் இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் பெல்ஜியத்துக்காரரான பியர் ஜில்லே. உள்ளூர் மீனவர்கள், தச்சர்களுடன் சேர்ந்து ப்ளைவுட் படகுகளைக் கட்டிப் பார்த்தார். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு (சிஃப்ஸ்) அந்த வேலையைப் பின்னர் படகு கட்டும் கூடங்களாக வளர்த்தது. அந்த அனுபவத்தை ஜில்லே 1985-இல் புத்தகமாக எழுதினார். ‘சிறியதே அழகு’ என்ற ஷூமாக்கரின் புகழ்பெற்ற புத்தகத் தலைப்பைச் சற்றே சீண்டி, ‘சிறியது கடினம்’ என்று பெயர் வைத்தார். கடற்கரையில் நின்று வேலை பார்த்தவருக்குத்தான் அப்படி ஒரு தலைப்பு தோன்றும்.

அவர்கள் கையாண்ட முறை ‘தைத்து ஒட்டுவது’. கடையில் பலகை எட்டுக்கு நாலு அடிதான் வரும். படகோ அதைவிட மூன்று மடங்கு நீளம். ஆகவே இரண்டு பலகைகளின் முனைகளையும் சாய்வாக இழைத்து, ஒன்றன்மேல் ஒன்று படுக்கவைத்து ஒட்டுவார்கள். கனத்தைப்போல் எட்டு மடங்கு சாய்வு என்பது கணக்கு. 12 மில்லிமீட்டர் பலகைக்குக் கிட்டத்தட்ட ஒரு சாண்வரை இழைக்க வேண்டிவரும் என்று நினைக்க வேண்டாம், நான்கு விரல்கடையைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பிறகு தையற்காரர் ரவிக்கைத் துணி வெட்டுவதுபோல் வடிவம் வெட்டி, ஓரத்தில் துளைபோட்டு, செம்புக் கம்பியால் பலகையோடு பலகையைத் தைத்து முறுக்குவார்கள். தட்டையாகக் கிடந்தது எழுந்து படகாக நிற்கும். உள்மூலையில் பிசின் பூசி, கண்ணாடி இழை நாடாவைப் பதித்துவிட்டால் கம்பிக்கு வேலை முடிந்தது. கரையை உடலோடு கோத்து நெய்த நல்ல கோர்வைச் சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள் எங்கள் ஊரில். இந்த மூட்டும் அந்த ஜாதி.

தைப்பது நம் கரைக்குப் புதிதல்ல. சென்னைக்குத் துறைமுகம் வருமுன், கப்பலில் வந்தவர்களை அலை தாண்டிக் கரைசேர்த்த மசூலா படகுகள் கயிற்றால் தைக்கப்பட்டவையே.

ப்ளைவுட்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தாளைக் குழலாகச் சுருட்டலாம்; பந்தின்மேல் சுருக்கமின்றி ஒட்ட முடியாது. பலகையும் ஒரு பக்கமாகத்தான் வளையும். அதனால்தான் ப்ளைவுட் படகுகளுக்கு வள்ளத்தின் உருண்ட வயிறு வராது. பக்கமும் அடியும் சந்திக்கும் இடத்தில் ஒரு மூலை தெரியும்.

சரி, அத்தையின் கேள்வி. மரத்தை அழுகவைப்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். குளத்தின் அடியில் முழுக்க மூழ்கிய மரத்துக்கு ஈரம் ஏராளம், காற்று மிகக் குறைவு. பக்தர்களுக்கு அது பெருமாளின் சித்தம். மர அறிவியலும் அந்த இடத்தில் முரண்படவில்லை. சிங்க்குக்குக் கீழே ஈரமும் காற்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. படகிலும் கடல்நீரைவிட, உள்ளே தேங்கி நிற்கும் மழைநீர்தான் ஆபத்து. உப்பு பூஞ்சையை ஓரளவு அடக்கிவைக்கும். கடலிலேயே கிடக்கும் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு வேறு இருக்கிறது. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். தினமும் மணலில் ஏற்றிக் காயவிடும் படகில் அதன் பாச்சா பலிப்பதில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவே ஏராளமான ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. இன்று கரையை ஆள்வது ஃபைபர்தான். அழுகாது, அச்சில் வார்த்து எடுத்துவிடலாம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் மோட்டார் மாட்டும் பின்பலகையின் உள்ளே ப்ளைவுட் வைத்து ஃபைபரால் மூடுவது உலகெங்கும் உள்ள வழக்கம்.

படகுக்காரர்கள் அறுத்த விளிம்பைத் திறந்து விடுவதில்லை. தண்ணீர் பலகையின் முகத்தைவிட, விளிம்பில் தெரியும் நார்வாய் வழியாகத்தான் அதிகம் ஏறுகிறது. என் அலமாரிக்கு வந்தது சாதாரண ரகப் பலகை, விளிம்பும் மூடப்படவில்லை. சமையலறைக்கு ப்ளைவுட் வாங்குகிறவர்கள், கடைக்காரர் ‘மரைன்’ என்று வாயால் சொன்னால் போதாது, ஐ.எஸ். 710 முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். பலகையை அறுத்ததும் எல்லா விளிம்புக்கும், அடிப்பக்கத்துக்கும் சேர்த்து, பெயின்ட்டோ பிசினோ பூசிவிடும்படி ஆசாரியிடம் சொல்லுங்கள். அரை நாள் கூலி கூடுதலாகும்.