யாரும் பார்க்காத நாற்காலி

டாங்கோ ஆடக் கூடும் இடத்தை பியூனஸ் அயர்ஸில் மிலோங்கா என்பார்கள். அங்கே மரபு தெரிந்தவர்கள் யாரும் மேசைக்கு நேரில் போய்க் கைநீட்டி ஆட அழைப்பதில்லை. பாட்டு தொடங்கியதும் தொலைவிலிருந்தே ஒருவர் பார்ப்பார். எதிரில் இருப்பவர் அந்தப் பார்வையை ஏற்றால் லேசான தலையசைப்பு. பதிலுக்கு இன்னொரு தலையசைப்பு. அதன்பிறகே எழுந்திருப்பார்கள். கபெசேயோ எனப்படும் இந்த வழக்கத்தில் பெரிய நாகரிகம் இருக்கிறது. பிடிக்காதவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், யாருக்கும் தலைகுனிவு இல்லை. ஆனால் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருப்பவருக்கு மறுப்புகூடக் கிடைப்பதில்லை. இப்படி அழைப்பின்றியே காத்திருப்பதை அந்த ஊரில் ‘பிளாஞ்சார்’ என்கிறார்கள். இஸ்திரி போடுவது என்பது அதன் நேர்ப்பொருள். இதற்கென்று ஒரு சொல்லே வழக்கில் இருக்கும்போது, அந்த வலியை யாரோ சிலருடைய கூச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஒதுக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் மற்றவர்களின் கெட்ட மனதைத்தான் குறை சொல்கிறார்கள். எனக்கு அது சரியான காரணமாகப் படவில்லை. கூடத்தின் ஏற்பாடே இதைச் செய்கிறது. மரபான மிலோங்காக்களில் யார் எங்கே உட்காருவது என்பதை அமைப்பாளர்தான் தீர்மானிக்கிறார். நெடுநாள் வருகிறவர்களுக்கு முன்வரிசை, புதியவருக்குப் பின்மூலை. பார்வையே அழைப்பாக இருக்கும் இடத்தில் பின்மூலை என்பது பாதி மறுப்பு. மூன்று நான்கு பாட்டுகள் சேர்ந்த ஒரு தொகுதி தாண்டா. அது முடியும்வரை ஜோடி மாறுவதில்லை. ஒரு தாண்டாவுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் என்றால், நான்கு மணி நேரத்தில் இருபது தேறுவதே கடினம். தேர்ந்தவர்கள் அத்தனையையும் தங்களுக்குள்ளேயே ஆடித் தீர்த்தால் புதியவருக்கு மிச்சமே இருக்காது. டாங்கோவுக்கு வெளியேயும் இதே கதைதான். நியூயார்க்கின் ஹார்லெமில் 1926 முதல் 1958 வரை இருந்த சவாய் நடனக்கூடம், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆட முடிந்த அரிய இடம். நிறத்தின் பேரால் யாரையும் விலக்காத அந்தக் கூடத்திலும் ‘கேட்ஸ் கார்னர்’ என்று ஒரு மூலை, மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுக்கென்றே இருந்தது. வாசலைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

யாரோடு ஆடுவது என்பது அவரவர் விருப்பம், கட்டாயப்படுத்தலாமா என்று கேட்பார்கள். கூடாது. குறிப்பாகப் பெண்களுக்கு மறுக்கும் உரிமை துளியும் குறையக் கூடாது. ஆனால் நாற்காலியை எங்கே போடுவது என்பது எவருடைய அந்தரங்க விருப்பமும் அல்ல. நன்றாக ஆடக் கற்றுக்கொண்டால் தானாக அழைப்பு வரும் என்பது அடுத்த வாதம். கட்டிப்பிடித்து ஆடும் ஆட்டத்தைத் தனியாக எப்படிக் கற்பது? டாங்கோவின் பொற்காலமான 1940களில் இளைஞர்கள் பயிற்சிக் கூடங்களில் ஆண்களோடு ஆண்களாக, முதலில் பெண்ணின் அடிகளைப் பழகித்தான் தேறினார்கள். தேறியவனை மூத்தவர் ஒருவர் மிலோங்காவுக்குக் கூட்டிப்போய், தனக்குத் தெரிந்த பெண்ணிடம் இவனோடு ஒருமுறை ஆடச் சொல்வார் என்று அக்காலத்தவர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். திறமையோடு கூடவே ஒரு கையும் அவனை உள்ளே அழைத்துப்போனது. இன்று பல ஊர்களில் வகுப்பு இருக்கிறது, கட்டணம் இருக்கிறது, அந்தக் கை மட்டும் இல்லை.

2009இல் யுனெஸ்கோ டாங்கோவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. அந்த மரபைக் காப்பவர்களிடம் கேட்பது இரண்டுதான். அமைப்பாளர்களே, புதியவருக்கு வெளிச்சம் படும் இடத்தில் நாற்காலி போடுங்கள். தேர்ந்தவர்களே, ஓர் இரவின் இருபது தாண்டாக்களில் இரண்டையாவது முன்பின் அறியாதவருக்குக் கொடுங்கள்.