மின்சார ஊர்தியும் கடைமடை வீடும்

ஏரிப்பாசன ஊரில் பிறந்தவர்களுக்கு ஓர் உண்மையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏரி நிரம்பித் ததும்பினாலும், எல்லோரும் ஒரே வேளையில் தத்தம் வயலுக்கு மடை திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. அதனாலன்றோ நம் முன்னோர் முறை வைத்துப் பாய்ச்சினர்! பிழைப்பை நாடித் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிவிட்ட நமக்கு இன்று வயலும் இல்லை, வாய்க்காலும் இல்லை. ஆயினும், மின்சார ஊர்தி வாங்கும் நம்மவர்க்கு அந்தப் பழைய முறையே மீண்டும் வேண்டியதாகிறது.

'இத்தனை வண்டிகளுக்கும் மின்சாரம் எங்கிருந்து வரும்?' என்பதே பலரும் கேட்கும் முதற் கேள்வி. கணக்கிட்டுப் பார்ப்போம். சிறிய மின்சாரக் கார் ஒன்று ஒரு யூனிட்டில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஓடும். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடினால் 2,000 யூனிட் செலவாகும். ஒரு கோடிக் கார்கள் அவ்வாறு ஓடினாலும் 2,000 கோடி யூனிட்தான். 2023-24ஆம் ஆண்டில் நம் நாட்டில் உற்பத்தியான மின்சாரமோ 1,70,000 கோடி யூனிட்டுக்கும் மேல். ஆக, நூற்றில் ஒரு பங்கைச் சற்றே கடக்கும், அவ்வளவே. இடர் ஏரியில் இல்லை, வாய்க்காலில் இருக்கிறது.

அந்த வாய்க்கால் எது? நம் தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்பார்மரும் அதிலிருந்து புறப்படும் கம்பிகளுமே. 11,000 வோல்ட்டில் வரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றவாறு குறைத்துத் தருவது டிரான்ஸ்பார்மர். 40 வீடுகள் உள்ள ஒரு தெருவுக்கு 100 கிலோவோல்ட்-ஆம்பியர் திறனுள்ள டிரான்ஸ்பார்மர் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நாற்பது வீட்டாரும் எல்லாக் கருவிகளையும் ஒருங்கே இயக்கமாட்டார்கள் என்ற கணிப்பின் மேல்தான் அதன் அளவு முடிவு செய்யப்படுகிறது. குளிர்சாதனம் ஒன்று ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாட் இழுக்கும். வீட்டில் பொருத்தும் பெரிய கார் சார்ஜர் ஒன்றோ 7 கிலோவாட் இழுக்கும். அலுவலகத்திலிருந்து திரும்பிய பத்துப் பேர் இரவு எட்டு மணிக்கு ஒருசேரக் காரை இணைத்தால், அந்தப் பத்து வண்டிகளே 70 கிலோவாட்டை விழுங்கிவிடும்.

அப்போது நிகழ்வது யாது? டிரான்ஸ்பார்மரின் கம்பிச் சுருள் சூடேறுகிறது. சுருளைச் சுற்றியுள்ள காப்புத் தாள் நாளடைவில் நொறுங்கி நலிகிறது. இரவில் ஆறி இளைப்பாற வேண்டிய அதற்கு ஓய்வும் கிட்டுவதில்லை. சுமை எல்லை மீறினால் பியூஸ் போய்த் தெருவே இருளும். அதற்கு முன்பே கம்பியின் கோடியில் உள்ள வீட்டில் மின்னழுத்தம் தாழ்கிறது, மின்விசிறி தளர்கிறது. அதுவே நம் கடைமடை வீடு. அங்கே மின்சார வண்டியே இல்லாதிருக்கலாம். ஜூன் மாதத்துத் தில்லி வெப்பத்தில் உறங்க முடியாத முதியவர் ஒருவர் இருக்கலாம்.

தெருவுக்குப் பொருந்துவது நாட்டுக்கும் பொருந்தும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் மின்பாதையின் வழியே தென்னக மின்தொகுப்பு ஏனைய இந்தியத் தொகுப்போடு இணைந்தது. அன்று முதல், நாம் குடியிருக்கும் நகரமும் நம் சொந்த ஊரும் நொடிக்கு 50 சுழற்சி என்னும் ஒரே தாளத்தில் இயங்குகின்றன. அத்தாளம் பிசகாதிருக்க, ஒவ்வொரு நொடியும் செலவுக்கு ஈடாக உற்பத்தி இருத்தல் வேண்டும். நம் நாட்டின் சூரிய மின்நிலையங்களின் நிறுவுதிறன் 2025 ஜனவரியில் 1,00,000 மெகாவாட்டைத் தாண்டியது. நண்பகலில் அம்மின்சாரம் பெருகுகிறது. கதிரவன் மறைந்ததும் நின்றுவிடுகிறது. அந்த மாலைப் பொழுதில்தான் வீடுகளில் விளக்கும் அடுப்பும் கருவிகளும் இயங்கத் தொடங்குகின்றன. ஊர்திகளும் அப்போதே சேர்ந்துகொண்டால், அனல் நிலையங்களும் நீர்மின் நிலையங்களும் அவசரமாக உற்பத்தியைக் கூட்ட வேண்டியதாகிறது. இதனை முன்னிட்டே, வெயில் வேளையில் குறைந்த கட்டணமும் உச்ச வேளையில் மிகுந்த கட்டணமும் வகுக்கும் முறையை மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விதித் திருத்தம் கொண்டுவந்தது.

எனவே, நாம் செய்யத்தக்கது கடினமன்று. நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் காருக்கு வேண்டியது ஏறத்தாழ 7 யூனிட். 3.3 கிலோவாட் சிறு சார்ஜரே அதனை இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேல் எடுத்து நிரப்பிவிடும். வண்டியோ இரவெல்லாம் சும்மா நிற்கிறது! அலுவலகத்தில் வசதி இருந்தால் நண்பகலில் ஏற்றலாம். இல்லையேல், கடிகார அமைப்பைப் பயன்படுத்திப் பின்னிரவில் ஏற்றலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோர் தமக்குள் முறை வகுத்துக் கொள்ளலாம். வாடகை வீட்டில் இருப்போர் சாளரத்தின் வழியே நீளக் கம்பியை இழுத்து வண்டியில் மாட்டுதல் கூடாது. கம்பி சூடேறித் தீப்பற்றக் கூடும். ஊர்திக்கெனத் தனி மின்இணைப்புக் கேட்க 2024ஆம் ஆண்டு விதித் திருத்தம் இடம் தருகிறது. வீட்டுக்காரரிடம் பேசி அவ்வழியை நாடுவதே நன்று.

புகையற்ற வண்டியை வாங்கியதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. இரவு எட்டு மணிக்கு அதன் கம்பியைக் கையில் எடுக்கும்போது, தெருக்கோடியில் இருக்கும் அந்தக் கடைமடை வீட்டை ஒரு கணம் நினைப்போமாக. சில மணி நேரம் பொறுத்து இணைத்தாலும் காலையில் நம் வண்டி ஓடும். இரவில் அவர்கள் வீட்டு விசிறியும் சுழலும்.