மின்கம்பியில் தொடங்கி விண்மீனின் வயிறு வரை

மூலனூர் வட்டாரத்தில் முருங்கைத் தோட்டங்களுக்கு அப்பால் எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலைதான். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்று இறக்கைகளைச் சுற்றுகிறது. பிறக்கும் மின்சாரம் கம்பியேறிப் போகிறது. போகிற வழியில் அதில் ஒரு பங்கு வெறும் சூடாகித் தொலைகிறது. காரணம், கம்பியின் மின்தடை. எந்த மில்லுக்கும் எந்தத் தறிக்கும் பயன்படாத இழப்பு இது.

இந்தத் தடை அடியோடு இல்லாமல் போகுமா? போகும். 1911 ஏப்ரலில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்ஸ், பாதரசத்தை மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்தார். அதன் மின்தடை சட்டென்று காணாமல் போனது. அதற்குப் பெயர் மீக்கடத்துத் திறன். கோவைக்குப் போய் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் மீக்கடத்திக் காந்தத்துக்குள் படுத்து எழுந்தவர்கள்தான்.

ஆனால் தடை ஏன் மறைகிறது என்று சொல்ல 46 ஆண்டுகள் பிடித்தன. 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விடை கண்டார்கள். கடுங்குளிரில் எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்கின்றன. ஜோடிகள் எல்லாம் ஒரே அலையாக இயங்குகின்றன. அந்த அலையைத் தடுத்து நிறுத்த கம்பியின் அணுக்களால் முடிவதில்லை.

பேப்பரும் பேனாவும் கொண்டு செய்த இந்தக் கணக்கு, உலோகத்தோடு நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் கதையே ஆரம்பம்.

துகளுக்கு நிறை வந்த வழி

மீக்கடத்திக்குள் காந்தப்புலம் மேலோட்டமாகவே நுழைய முடியும். ஆழம் போகப் போக மடிந்துவிடும். காந்தப்புலத்தைச் சுமக்கும் ஒளித்துகள் அங்கே நிறை பெற்றதுபோல நடந்துகொள்கிறது என்பது இதன் பொருள். நிறையே இல்லாத ஒன்றுக்குச் சூழல் நிறை தர முடியுமானால், பிரபஞ்சம் முழுவதும் அப்படியொரு சூழலாக இருக்கக் கூடாதா? நம்பு என்ற ஜப்பானிய அமெரிக்கர் 1960 வாக்கில் மீக்கடத்திக் கருத்தைத் துகள் இயற்பியலுக்குக் கொண்டுவந்தார். அமெரிக்கரான பிலிப் ஆண்டர்சன் மீக்கடத்திக்குள் ஒளித்துகள் பெறும் நிறையைச் சுட்டிக்காட்டினார். 1964இல் பீட்டர் ஹிக்ஸும் வேறு சிலரும் அதைத் துகள்களுக்கான கொள்கையாக வடித்தார்கள். 2012 ஜூலை 4 அன்று ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகம் அந்தக் கொள்கை சொன்ன ஹிக்ஸ் துகளைக் கண்டதாக அறிவித்தது. கணக்குக்கும் கண்டுபிடிப்புக்கும் இடையே 48 ஆண்டுகள்!

விண்மீனுக்குள் ஒரு மீப்பாய்மம்

விண்மீன் பக்கம் போனால் அங்கே நம்மவர் ஒருவர் இருக்கிறார். 1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னை வந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர் அவரைத் தேடிப் போய்ப் புதிய குவாண்டம் புள்ளியியலைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1930இல் கப்பலேறி இங்கிலாந்து போகும் வழியில் அதை விண்மீனுக்குப் பொருத்திக் கணக்குப் போட்டார். அப்போது வயது 19. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குள்ள விண்மீன் ஓரளவுக்கு மேல் கனக்க முடியாது என்று கண்டார். அந்த எல்லை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்கிறது இன்றைய கணக்கு. 1935இல் ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் அதை வானியலாளர் சபையிலேயே எள்ளி நகையாடினார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது 1983இல்.

அந்த எல்லையை மீறும் விண்மீன் கரு நொறுங்கினால் சுமார் பத்து கிலோமீட்டர் ஆரத்தில் நியூட்ரான் விண்மீன் பிறக்கலாம். அதனுள்ளே நியூட்ரான்களும் ஜோடி சேர்ந்து, உராய்வே இல்லாத மீப்பாய்மமாகின்றன. புரோட்டான்கள் மீக்கடத்தியாகின்றன என்கிறது கொள்கை. நொடிக்குச் சுமார் 11 முறை சுற்றும் வேலா என்ற நியூட்ரான் விண்மீன், வேகம் குறைந்துகொண்டே வந்து திடீரென்று கொஞ்சம் துள்ளி வேகமெடுப்பதை 1969இல் கண்டார்கள். உள்ளே இருக்கும் பாய்மம் தேக்கி வைத்த சுழற்சியை வெளி ஓட்டுக்குக் கொட்டிவிடுவதே காரணம் என்று 1975இல் விளக்கியவர்கள் அதே ஆண்டர்சனும் இட்டோவும்.

இந்தத் துள்ளல்களைக் கண்காணிக்கும் கருவிகளில் ஒன்று கொங்கு நாட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஊட்டி முத்தொரைச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கி அது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்தது, 1970 முதல் வேலை செய்கிறது.

சென்னையில் ஒரு பெயர்

1986இல் ஜூரிச்சில் பெட்னார்ஸும் மியூலரும் செம்பு கலந்த ஒரு பீங்கான் வகைப் பொருளில் எதிர்பாராத அளவு உயர்ந்த வெப்பநிலையில் மீக்கடத்துத் திறனைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே திரவ நைட்ரஜன் குளிரே போதும் என்ற பொருள்கள் வந்தன. 1957இன் பழைய கொள்கை இவற்றுக்குப் போதவில்லை. புதிய விளக்கத்தை முன்வைத்தவர் மறுபடியும் ஆண்டர்சன்தான். 1987இல் அதைக் கணக்காக விரித்த கட்டுரையில் அவரோடு இருந்த பெயர்களில் ஒன்று, தமிழரான ஜி. பாஸ்கரன். கோலாட்டத்தில் ஒருமுறை வலப்பக்கத்தாரோடும் மறுமுறை இடப்பக்கத்தாரோடும் கோல் தட்டுவதுபோல, எலெக்ட்ரான்கள் அக்கம்பக்கத்தோடு மாறி மாறி ஜோடி சேர்ந்தபடி இருக்கின்றன. ஆட்டக்களத்தில் கொஞ்சம் காலியிடம் கிடைத்தால் ஜோடிகள் ஓடத் தொடங்கி மீக்கடத்தியாகிவிடும் என்கிறது அந்தக் கொள்கை. இயற்பியலாளர் அத்தனை பேரும் இதை ஏற்கவில்லை. வாதம் இன்னும் முடியவில்லை.

பாஸ்கரன் பல்லாண்டு பணியாற்றிய இடம், சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம். நியூட்ரினோ ஆய்வில் பெயர் பெற்ற ஜி. ராஜசேகரன் இருந்ததும் அங்கேதான். இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் தம் மயிலாப்பூர் வீட்டில் மாணவர்களைக் கூட்டி நடத்திய கருத்தரங்கிலிருந்து முளைத்தது அது. அன்றைய மாநில அமைச்சர், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம் கைகொடுக்க, 1962 ஜனவரி 3 அன்று நிறுவனமானது. தொடக்க விழாவில் சந்திரசேகரும் இருந்தார்.

இவ்வளவையும் சொல்லக் காரணம் ஒன்றுதான். கோட்பாட்டு இயற்பியலுக்குக் கோடி ரூபாய்க் கருவி வேண்டாம். கணக்கு வேண்டும், பேச ஆள் வேண்டும், வழி தெரிய வேண்டும். மூலனூர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு வரும்; வழிதான் தெரிவதில்லை. ப்ளஸ் டூ முடிப்பவர்களுக்கு நீட், ஜேஇஇ என்ற இரண்டு பெயர்களே காதில் விழுகின்றன. ஐசர் என்னும் அறிவியல் கல்வி நிலையங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. புவனேஸ்வரிலும் மும்பையிலும் உள்ள அறிவியல் கல்வி நிலையங்களுக்கு நெஸ்ட் தேர்வு உண்டு. சிறுசேரி சென்னை கணிதக் கழகத்தில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பட்டப்படிப்பு உண்டு. பட்டம் முடித்தபின் தரமணியில் ஆராய்ச்சிக்குச் சேர ஜெஸ்ட் தேர்வு எழுதலாம். சேர்ந்தால் மாதாமாதம் உதவித்தொகை கிடைக்கும்.

மூலனூர்ப் பள்ளிகளின் இயற்பியல் ஆசிரியர்களே, இந்தத் தேர்வுகள், நிலையங்களின் பெயர்களை ப்ளஸ் ஒன் வகுப்புச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒட்ட ஒரு தாள் போதும்.