தீப்புண்ணும் வெள்ளணுக்களும்

1889-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் கொச்சித் துறையில் கப்பல் ஒன்று தீப்பற்றி எரிந்தது. தீ கரைக்குத் தாவாதிருக்கும்பொருட்டு அதன் கயிறுகள் அறுத்துவிடப்பட்டன. ஆனால் எரியும் கப்பல் நீரோட்டத்தில் மிதந்து சென்று, கரையோரக் கிட்டங்கிகளையும் வீடுகளையும் கொளுத்திற்று. இதன் நினைவுத் தூண் கொச்சிக் கோட்டையில் இன்றும் நிற்கின்றது. மிளகு, சுக்கு, கயிறு, தேங்காயெண்ணெய் ஆகியவை குவியும் மட்டாஞ்சேரி வணிகருக்குத் தீ மூண்ட இடமும் அழிவு நேரும் இடமும் ஒன்றாகவே இருக்கவேண்டியதில்லை என்பதை விளக்க வேண்டுவதில்லை. கடுமையான தீப்புண்ணிலும் இத்தகைய நிலையே காணப்படுகின்றது. வெந்தது கையும் மார்புமாயிருக்க, சில நாட்களில் கெடுவது நுரையீரலாக இருக்கும்.

இந்தியாவில் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நடுத்தரமான அல்லது கடுமையான தீப்புண்களுக்கு ஆளாகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இவர்களுட் பலர் அடுப்படியில் காயமுறும் பெண்களும் குழந்தைகளுமே.

தீப்புண்ணை மூன்று வட்டங்களாகப் பிரித்துக் காட்டியவர் பர்மிங்காம் நகர அறுவை மருத்துவர் டக்ளஸ் ஜாக்ஸன் ஆவார். நடுவட்டத்தின் திசு மீளாது. வெளிவட்டம் சிவந்திருக்கும், தானே ஆறிவிடும். இடைவட்டத்தில் இரத்த ஓட்டம் தடுமாறிக்கொண்டிருக்கும். அது பிழைப்பதும் மடிவதும் அடுத்த சில நாட்களில் முடிவாகும். அங்கே நடப்பதுதான் அழற்சி.

வெந்து வெடித்த உயிரணுக்களிலிருந்து, வழக்கமாக உள்ளேயே அடைபட்டிருக்கும் பொருள்கள் சில வெளியே சிந்துகின்றன. மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ. அவற்றுள் ஒன்று. மைட்டோகாண்டிரியா தொல்காலத்துப் பாக்டீரியாவின் வழிவந்ததாகையால், காவல் அணுக்கள் அதனைக் கிருமி என்றே மயங்குகின்றன. கிருமி ஒன்றுகூட நுழையாதபோதே போர்முரசு ஒலிக்கின்றது என்னலாம். மாஸ்ட் அணுக்கள் ஹிஸ்டமினை வெளியிடுகின்றன. மாக்ரோபேஜ் என்னும் பெருவிழுங்கணுக்கள் இன்டர்லூக்கின்-6 முதலிய செய்திப் பொருள்களை இரத்தத்திற் கலக்கின்றன. நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து நீர் கசிகின்றது. வளர்ந்தோரின் உடற்பரப்பில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் வெந்தால் இக்கசிவு உடல் முழுவதும் பரவும். ஆகவேதான் முதல் நாளிலேயே சிரைவழியே ஏராளமான திரவம் செலுத்தப்படுகின்றது.

இவ்வழைப்பைக் கேட்டு முதலில் விரைபவை நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள். எலும்பு மஜ்ஜை இவற்றை முதிராத நிலையிலேயே அனுப்பத் தொடங்குகின்றது. இயல்பான நியூட்ரோபில் இரசாயன வாசனையைப் பின்பற்றி நேரே புண்ணை அடையும். பெருந்தீப்புண் உற்றவரின் நியூட்ரோபிலோ திசை தவறுகின்றது. கிருமி உள்ள இடத்தை அடையத் தாமதிக்கின்றது. சில வேளை எவ்வழைப்பும் இன்றியே அலைகின்றது. நுரையீரலின் நுண்குழாய்களில் இவை தேங்கி, கிருமிகளுக்கென வைத்திருந்த நொதிகளை அங்கேயே கொட்டுவதால் மூச்சு தடைப்படுகின்றது.

வியப்பு யாதெனில், இத்துணை கொந்தளிப்புக்கு இடையிலேயே நோயெதிர்ப்புத் திறன் சரிந்துவிடுகின்றது. டி-லிம்போசைட்டுகள் குறைகின்றன, மோனோசைட்டுகள் தாம் பிடித்த கிருமியின் அடையாளத்தைப் பிற அணுக்களுக்குக் காட்டும் ஆற்றலை இழக்கின்றன. அந்நியரின் தோலை இயல்பான உடல் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் உதறிவிடும். பெரிதும் வெந்தவரின் உடலிலோ அது நெடுநாள் ஒட்டியிருக்கும். நோயாளியின் பலவீனமே இங்கு மருத்துவருக்கு உதவியாகின்றது! கொச்சி அமிர்தா மருத்துவமனையிலும் பிற இடங்களிலும் உள்ள தோல் வங்கிகள், இறந்தோர் தானம் செய்த தோலைப் பதப்படுத்தித் தற்காலிகப் போர்வையாக அளிக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கிளாஸ்கோவில் தீப்புண் நோயாளியிடம் தோல் ஒட்டுதலை ஆராய்ந்த மெடவாரும் கிப்ஸனும், இரண்டாம் முறை ஒட்டிய அந்நியத் தோல் முன்னதைவிட விரைவில் அழிவதை 1943-இல் வெளியிட்டனர். உறுப்பு மாற்று விஞ்ஞானத்தின் வேர்களுள் ஒன்று தீப்புண் வார்டிலேயே உள்ளது.

களப்பணியாளர் அறியவேண்டியது ஒன்றுண்டு. தீப்புண் நோயாளிக்குக் காய்ச்சல் கண்டவுடன் கிருமி புகுந்துவிட்டதென முடிவு கட்டலாகாது. அழற்சி ஒன்றே உடல் வெப்பத்தை உயர்த்தப் போதுமானது. கிருமி புகுந்ததற்கு வேறு சான்றின்றி ஆன்டிபயாட்டிக் கொடுத்துவந்தால், எதிர்ப்புற்ற கிருமிகளே பெருகும். மாறாக, புண்ணின் நிறமாற்றம், துர்நாற்றம், மனக்குழப்பம், இரத்த அழுத்தக் குறைவு ஆகியவை தோன்றினால் ஒரு கணமும் தாமதித்தல் கூடாது.

பள்ளியில் கற்பிக்கத்தக்க முதலுதவி எளியது. வெந்த இடத்தில் குளிர்ந்த ஓடும் நீரை இருபது நிமிடம் விடுக. விபத்து நேர்ந்து மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பயனுண்டு. இடைவட்டத்துத் திசுவைக் காப்பது இதுவே. பனிக்கட்டி வேண்டாம், அது இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கேட்டை மிகுவிக்கும். தேங்காயெண்ணெய், பற்பசை, பேனா மை ஆகியவற்றையும் தடவலாகாது. பெரிய புண்ணாயின் உடம்பின் ஏனைய பகுதிகள் குளிர்ந்துவிடாமல் போர்த்துக. விரல்களோடு கூடிய நோயாளியின் சொந்த உள்ளங்கை அவர் உடற்பரப்பில் நூற்றுக்கு ஒரு பங்கு. புண்ணின் பரப்பை இதைக்கொண்டே அளந்துவிடலாம். முகம், கை, மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் ஏற்பட்ட புண்ணும், மின்சாரத்தால் ஏற்பட்ட புண்ணும் எவ்வளவு சிறிதாயினும் மருத்துவமனைக்கே செல்லவேண்டும்.