பணியிட இடர் மதிப்பீடு (பெரிய பிரித்தானியா)

பணியிட இடர் மதிப்பீடு என்பது பணியாளருக்கோ பிறருக்கோ தீங்கு விளைவிக்கக்கூடியவற்றை முன்கூட்டியே கண்டறிந்து தடுக்கும் முறை ஆகும். பெரிய பிரித்தானியாவில் இது ஒவ்வொரு முதலாளியின் சட்டக் கடமையாகும்.

சட்டப் பின்னணி

ராபன்சு பிரபு தலைமையிலான குழுவின் 1972 ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, பணியிட உடல்நல, பாதுகாப்புச் சட்டம் 1974 இல் இயற்றப்பட்டது. இடர் மதிப்பீட்டுக் கடமை தற்போது 1999 ஆம் ஆண்டு விதிகளில் உள்ளது.

படிநிலைகள்

- தீங்கின் மூலங்களை இனங்காணல்
- இடரின் அளவை மதிப்பிடல்
- இடரைக் கட்டுப்படுத்தல்
- முடிவுகளைப் பதிவு செய்தல்
- மீளாய்வு செய்தல்

எடுத்துக்காட்டாக, வெதுப்பகத்தில் வழுக்கும் தரையும் சூடான அடுப்பும் எளிதில் கண்ணில் படுவன. மாவுத் தூசி அவ்வாறன்று. அதை நெடுநாள் சுவாசிப்போருக்கு ஆசுத்துமா உண்டாகலாம். உலர்ந்த மாவைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி காற்றில் எழும். எனவே ஈரத்துணியால் துடைப்பதோ தகுந்த உறிஞ்சு கருவியைப் பயன்படுத்துவதோ பரிந்துரைக்கப்படுகிறது.

சிறு தொழில்கள்

ஐவருக்கும் குறைவான பணியாளரைக் கொண்ட முதலாளி மதிப்பீட்டை எழுத்தில் பதிய வேண்டியதில்லை. புதிதாகத் தொழில் தொடங்குவோர் சிலர் இதனை மதிப்பீட்டிலிருந்தே கிடைத்த விலக்கு எனத் தவறாகக் கருதுவதுண்டு. விலக்கு எழுதுவதற்கு மட்டுமே. ஒரே ஒரு பணியாளர் இருப்பினும் மதிப்பீடு கட்டாயமாகும்.

பெரும்பாலான முதலாளிகள் குறைந்தது 50 இலட்சம் பவுண்டுக்குப் பொறுப்புக் காப்புறுதியும் பெற்றிருத்தல் வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 2,500 பவுண்டு வரை தண்டம் விதிக்கப்படலாம்.